மிதவைக்குப் போட்ட பூட்டு

மூன்றாவது தடவையும் கயிறு அவிழ்ந்திருந்தது.

அவிழ்ந்திருந்தது என்றால் காற்றில் தளர்ந்து விழுந்ததல்ல. யாரோ பொறுமையாக உட்கார்ந்து முடிச்சுகளைப் பிரித்து, துவைத்துக் காயவைத்த துணியை மடிப்பதுபோல நாலாக மடித்து, நுனியை உள்ளே செருகி, மிதவைப் பெட்டிக்குக் கீழே ஒழுங்காக வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றைத் திருடிக்கொண்டு போயிருந்தால்கூட அவருக்கு மனம் ஆறியிருக்கும். மடித்து வைத்துவிட்டுப் போவது என்ன வகை? 'நீ கட்டு, நான் அவிழ்க்கிறேன்' என்று மூஞ்சிக்கு நேரே சொல்வதுதானே இது.

அவர் பூட்டு செய்பவரும் அல்ல, விற்பவரும் அல்ல. சொந்தமாக ஒரு சின்ன மீன்பிடிப் படகு வைத்து ஓட்டுகிறவர். அந்தப் படகில் ஏழு பூட்டுகள் தொங்கியதால் துறையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கேபின் கதவுக்கு ஒன்று, டீசல் தொட்டிக்கு ஒன்று, வலைப் பெட்டி, கருவிப் பெட்டி, ஐஸ் பெட்டி, உயிர்காப்புச் சட்டைகள் வைத்திருக்கும் பெட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஏழாவது, குடிதண்ணீர் கேனுக்கு. தண்ணியப் போய் யாருண்ணே திருடுவா என்று ஒருமுறை கேட்டதற்கு, "திருட வேணாம். எதையாவது கலந்துட்டா?" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதற்கும் கேட்பதில்லை. ஐஸ்காரர் ஐஸ் நல்ல ஐஸ் என்பார், வானொலிக்காரர் நாளைக்குக் காற்றில்லை என்பார், பூட்டுக்காரர் இருவருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "பொய் சொல்றான்."

மிதவைப் பெட்டி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அது இல்லாத படகுக்கு இனி கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடையாது என்று துறை அலுவலகம் சொல்லிவிட்டது. அதனால் வாங்கினார். வெள்ளை நிறத்தில், இரண்டு பாதிகளை ஒட்டவைத்த பெரிய பீப்பாய் மாதிரி இருந்தது. அதற்குள்தான் ரப்பர் மிதவை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். பூட்டுக்காரர் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். உள்ளே மிதவைதான் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். பொருத்த வந்த மெக்கானிக் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கேபினுக்குப் பின்னால், தலைக்கு மேல் எதுவும் மறைக்காத இடத்தில் ஓர் இரும்புத் தாங்கியைப் பொருத்தி, அதில் பெட்டியைக் கிடத்தி, பெல்ட்டைச் சுற்றி இறுக்கினார் மெக்கானிக். பெல்ட்டின் முனையில் கைக்கடக்கமான ஒரு சின்ன டப்பா இருந்தது. அதைக் காட்டி அவர் சொன்னதுதான் இந்தக் கதைக்கு உயிர்.

"படகு முழுகி ரெண்டு ஆள் ஆழம் போச்சுன்னா, தண்ணியோட அழுத்தத்துல இந்த டப்பா பெல்ட்ட தானா அறுத்து விட்டுரும். பெட்டி மேல வந்துரும். படகு கீழ இழுக்கிற இழுப்புல இந்தக் கயிறு உள்ள இருக்கிற காத்தத் திறந்துவிடும், மிதவை விரிஞ்சுரும். கடைசியில இந்த மெல்லிசு இணைப்பு அறுந்து, மிதவை தனியா நிக்கும். பெட்டிக்கு மேல நீங்க வேற எதையும் கட்டிறக் கூடாது. கட்டினா படகோட அதுவும் அடிக்குப் போயிடும்."

படகில் மூன்று பேர். பூட்டுக்காரரின் மனைவியுடைய தம்பி, அதாவது அவர் மைத்துனன், பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். எஞ்சின் பார்க்கிற கொட்டாவியும் கேட்டான். பேச்சுக்கு ஒரு கொட்டாவி விடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். பூட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. மெக்கானிக்கின் பை திறந்து கிடந்தது, அதற்குள் தன்னுடைய ஸ்பானர் எதுவும் போய்விடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: பெல்ட் தானாக அறுந்துவிடும்.

தானாக அறுந்துபோகிற பெல்ட்டை வைத்து ஒருத்தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போகிறான் என்று அவர் முடிவு கட்டினார். மறுநாளே கட்டைவிரல் தடிமனில் நைலான் கயிறு வாங்கிவந்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, தாங்கியோடு சேர்த்து ஒன்பது முடிச்சுப் போட்டார். இனி எந்த அலை வந்தாலும் அசையாது. அந்த வாரமே அவிழ்ந்தது. திரும்பக் கட்டினார். திரும்ப அவிழ்ந்தது. இப்போது மூன்றாவது.

யார் என்று யோசிக்க அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. மைத்துனன்தான். அவனோடு அவர் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது.

அதற்குக் காரணம் ஒரு எண். ஜிபிஎஸ் பெட்டியில் எட்டு என்று இருந்ததை மூன்று என்று படித்து, அரை நாள் வேறு திசையில் படகை ஓட்டி, வெறும் வலையோடு திரும்பியிருந்தார். துறையில் நாலு பேர் நிற்கும்போது மைத்துனன் சொன்னான்: "மாமா, கிட்டத்துல இருக்கறது தெரியலன்னா கண்ணாடி போட்டுக்கங்க. அதுல என்ன வெக்கம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், மனைவி ஆசையாக வாங்கித் தந்திருந்த கண்ணாடியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. தன் பூட்டுகளையெல்லாம் விரலாலேயே அறிந்து திறப்பார். ஜிபிஎஸ் எண்ணைக் கொட்டாவியைப் படிக்கச் சொல்லுவார். "சத்தமாப் படி. தூங்கறியா முழிச்சிருக்கியான்னு பாக்கணும்."

பேச்சும் கொட்டாவி வழியாகத்தான். பத்தடிப் படகுத் தளத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறையாக வேலை செய்துகொண்டே, "வலைய இழுக்கச் சொல்லு" என்பார் இவர். "இழுத்தாச்சுன்னு சொல்லு" என்பான் அவன். நடுவில் கொட்டாவி, இரண்டு பேருக்கும் ஒரு கொட்டாவியைப் பொதுவாக விட்டுவிட்டு, சொன்னதாக வைத்துக்கொள்ளச் சொல்வான்.

இத்தனைக்கும் நடுவே சந்தேகத்துக்குத் தீனி போடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. மைத்துனன் டீக்கடையில் அந்த மெக்கானிக்கோடு தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததை இவர் பார்த்தார். பக்கத்துப் படகில் வயர்லெஸ் பெட்டி காணாமல் போனது. ஒருநாள் வீட்டுக்குள் நுழையும்போது சமையலறையில் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்; இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். மைத்துனன் ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். என்ன தாள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் பேசினதாகிவிடும்.

அன்று சோறு போடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"அந்த மிதவைப் பெட்டிக்கு மேல கயிறெல்லாம் கட்டக் கூடாதாமே."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன. கட்டினா முழுகும்போது மேல வராதாம்."

"யார் சொன்னான்னு கேட்டேன்."

அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "தம்பிதான்."

"பொய் சொல்றான்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், நேரே துறைக்குப் போய் இன்னொரு சுற்றுக் கயிறு கட்டிவிட்டு வந்தார். அக்காவின் மனதையே கலைத்துவிட்டானே என்று வழியெல்லாம் புழுங்கினார். அவர் கணக்குப்படி விஷயம் இதுதான்: கயிறு இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்குவது சுலபம். தூக்கி விற்றுவிட்டு, அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். மெக்கானிக்கும் கூட்டு. இல்லையென்றால் தானாக அறுந்துபோகிற பெல்ட்டை எவனாவது படகில் போடுவானா?

இந்த மனிதரின் அறிவில் ஒரு குறையும் இல்லை. அத்தனை துப்பும் சரியாகத்தான் துலக்கினார். ஒவ்வொன்றையும் கொண்டுபோய்த் தப்பான ஆளின் தலையில் கட்டினார், அவ்வளவுதான்.

வாரத்தில் ஒருநாள் படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாளில்தான் கயிறு அவிழ்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அன்று மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் ஒரு தூக்கம் போடுவது வழக்கம். தன் தூக்கத்தைக்கூட வேவு பார்க்கிறான் என்று அவருக்கு மூக்கு வியர்த்தது. அடுத்த ஓய்வுநாளில், வலைக் கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, துறையில் ஐஸ் கொட்டகைக்குள் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பலகை இடுக்கு வழியாகத் தன் படகு நன்றாகத் தெரிந்தது. ஐஸ் உருகிக் காலை நனைத்தது. பன்னிரண்டு மணி வரை ஒரு பூனை மட்டும் படகில் ஏறி இறங்கியது.

ஒரு மணிக்கு அவர் மனைவி கையில் துணிப்பையோடு துறையில் வந்து நின்றாள். படகைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். பூட்டுக்காரர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இங்கயா இருக்கீங்க" என்றாள்.

"நீ எதுக்கு வந்த?"

"உங்களத் தேடித்தான். வலைக் கடையில ஆளக் காணோம்னாங்க. சாப்பிட நேரமாச்சே."

பூட்டுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. தண்ணீரைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் படகில் கால் வைத்ததில்லை. துறைக்கும் படகுக்கும் நடுவில் போட்டிருக்கும் பலகையைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தன் பசிக்காக வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். உலகத்தில் நம்பக்கூடிய ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டு அவளோடு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் கயிறு அவிழவில்லை. தான் காவல் இருந்தது திருடனுக்குத் தெரிந்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அடுத்த வாரம் அவிழ்ந்தது. இந்தத் தடவை ஒரு சாட்சியும் கிடைத்தது. தாங்கியின் காலருகே மினுங்கிய ஒன்றைத் தடவி எடுத்தார்: கொண்டை ஊசி, நுனி வளைந்திருந்தது. இறுகிய முடிச்சுக்குள் விட்டு நெம்பியிருக்கிறான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். "பாரு உன் தம்பி லட்சணத்த. இத வெச்சுத்தான் நெம்பியிருக்கான். கொண்டை ஊசி வெச்சுக்கிட்டு அலையறான். எந்தப் பொம்பளைகிட்ட வாங்கினானோ."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பல்லால் கடித்து நேராக்கினாள். "நல்ல ஊசி. வீணாப் போடுவானேன்" என்று தன் கொண்டையில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த ஓய்வுநாள் காலையில் பூட்டுக்காரர் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, இரும்புச் சங்கிலியும் ஒரு புதுப் பூட்டும் வாங்கினார். எட்டாவது பூட்டு. பழைய பூட்டுகள் மாதிரிக் கைநிறைய இல்லை. சின்னது, சாவித்துவாரம் அடிப்பக்கம், அதற்கு ஒரு மூடி வேறு. உடைக்கவே முடியாது என்றார் கடைக்காரர். வாழ்க்கையில் முதல்முறையாகப் பூட்டுக்காரர் ஒரு கடைக்காரரை நம்பினார். பெல்ட்டுக்கு மேலே பெட்டியைச் சங்கிலியால் இரண்டு சுற்றுச் சுற்றி, தாங்கியோடு சேர்த்துப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

ஓய்வுநாளுக்கு அடுத்த காலையில் கடலுக்குக் கிளம்பும்போது மைத்துனன் சங்கிலியைப் பார்த்தான். பலகையிலேயே நின்றுவிட்டான்.

"அந்தச் சங்கிலிய எடுக்கச் சொல்லு" என்றான் கொட்டாவியிடம். "எடுக்கலன்னா நான் வரலன்னு சொல்லு."

"வர வேணாம்னு சொல்லு" என்றார் பூட்டுக்காரர்.

கொட்டாவி எதையும் சொல்லவில்லை, கொட்டாவியும் விடவில்லை. எஞ்சினைத் தட்டிவிட்டான். படகு துறையை விட்டு நகர்ந்தது. கடைசி நொடியில் மைத்துனன் ஓடிவந்து தாவி ஏறினான். தோளில் ஒரு பை இருந்தது. வழக்கமாக அவன் பை கொண்டு வருவதில்லை.

வரமாட்டேன் என்றவன் ஏன் வந்தான்? பையில் என்ன? பூட்டுக்காரருக்குச் சுக்கானில் கை இருந்தது, கண்ணெல்லாம் பையில் இருந்தது. நடுக்கடலில் அவர்கள் இருவரும் வலையை இறக்கிக்கொண்டிருக்கும்போது நைசாகப் போய்க் கையை விட்டுத் துழாவினார். துண்டு ஒன்று. அதற்குள் சுருட்டி, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு, பிடியோடு, புத்தம் புதுசு.

இதற்குப் பிறகுமா சந்தேகம்? கரையில் முடியாததை நடுக்கடலில் செய்ய வந்திருக்கிறான். சங்கிலியை அறுத்துவிட்டு இவன் என்ன செய்யப் போகிறான், இன்னொரு படகில் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்களா, அதற்கு முன்னால் தன்னை என்ன செய்வான் என்றெல்லாம் மனம் ஓடியது. சொந்த மைத்துனன், பத்து வயதிலிருந்து தன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தமில்லாமல் ஆக்சா பிளேடைக் கடலில் நழுவவிட்டு, துண்டைப் பழையபடி சுருட்டி வைத்தார்.

மதியம் இரண்டு மணி இருக்கும். திரும்புகிற வழியில் படகின் அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். பாதி முழுகி மிதந்துகொண்டிருந்த மரக்கட்டை. யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது, இதில் கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியாது. கொட்டாவி எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினான்.

"அண்ணே, பலகை பேந்துக்கிச்சு. தண்ணி குபுகுபுன்னு வருது."

பம்பைப் போட்டார்கள். துணியையும் மெத்தையையும் ஓட்டையில் திணித்தார்கள். தண்ணீர் பம்பை மதிக்கவில்லை. பூட்டுக்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார், கொட்டாவி ஜிபிஎஸ் எண்ணைக் கத்திப் படித்தான், ஒரு படகு இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்றது. அதற்குள் எஞ்சின் இருமி நின்றது. உயிர்காப்புச் சட்டைப் பெட்டியின் பூட்டைப் பூட்டுக்காரர் கண் மூடித் திறக்கிற நேரத்தில் விரலாலேயே திறந்தார். பதினைந்து வருடப் பழக்கம். மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள். படகின் பின்புறம் தாழ ஆரம்பித்தது.

மைத்துனன் பாய்ந்து தன் பையை எடுத்துக் கவிழ்த்தான். துண்டு விழுந்தது. உதறினான், ஒன்றும் இல்லை. "இதுலதான வெச்சேன்" என்று தரையெல்லாம் தடவினான்.

பூட்டுக்காரர் கொட்டாவியின் பக்கம் திரும்பினார். பழக்கதோஷம். "நான் அதக் கடல்ல போட்டுட்டேன்னு அவன்கிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்றான் கொட்டாவி.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைத்துனன் காதில் விழுந்துவிட்டது. அவன் மாமாவை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் திருட்டு இல்லை, கோபம்கூட இல்லை; சாகப்போகிற ஒருத்தனின் பயம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் மெக்கானிக் சொன்னதும், மனைவி சொன்னதும், கேட்காமல் விட்டதெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் பூட்டுக்காரருக்குப் புரிந்தது.

கழுத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மிதவைப் பெட்டியிடம் ஓடினார். பூட்டைப் பிடித்தார். விரலால் தடவினார். மூடி எந்தப் பக்கம் தள்ளும்? தள்ளினார். துவாரம் எங்கே? சாவியின் பல் மேலா கீழா? பழைய பூட்டுகள் விரலோடு பேசும், இது பேசவில்லை. முகத்துக்கருகே கொண்டுவந்தார், மங்கலாகிப் போனது. தள்ளிப் பிடிக்கலாம் என்றால் சங்கிலி விடவில்லை. சாவி இரும்பில் மோதி மோதி வழுக்கியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது.

"மச்சான்" என்றார். பதினொரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல் அது. "எனக்குக் கண்ணு தெரியலடா."

மைத்துனன் பக்கத்தில் வந்து சாவியை வாங்கினான். குத்திக்காட்ட இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் பூட்டைத் திருப்பிப் பிடித்தான். துவாரத்தில் சாவி நுழைந்து திரும்பியது. சங்கிலியை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். கடைசிக் கண்ணி தாங்கியிலிருந்து விடுபடவும், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூன்று பேரையும் கடலில் கொட்டவும் சரியாக இருந்தது.

பூட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகின் முன்முனையான அணியம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று. பெட்டியும் அதோடு போய்விட்டது. டீசல் நாற்றமும் இரண்டு மிதவைக் கட்டைகளும் மட்டும் மேலே இருந்தன. கொட்டாவி ஒரு பக்கம் இருமிக்கொண்டிருந்தான். மைத்துனன் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தானா அறுக்கும்னான் மாமா" என்றான் அவன். "அறுக்கும்னான்."

பூட்டுக்காரர் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. அப்போது அந்த மெக்கானிக்கின் வாய் பொய் சொல்லாத வாயாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பத்து எண்ணுகிற நேரம், இருபது எண்ணுகிற நேரம், கடல் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. பிறகு கொஞ்சம் தள்ளி அந்த வெள்ளைப் பெட்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து விழுந்தது. படார் என்று இரண்டாகப் பிளந்தது. காற்று சீறுகிற சத்தத்தோடு உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறக் கூரையோடு மிதவை விரிந்தது. ஒரு கயிறு விண்ணென்று இழுபட்டு அறுந்தது. மிதவை தனியாக நின்றது, மெக்கானிக் சொன்னது சொன்னபடி.

மூன்று பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். நடுவில் தூது போக இடமே இல்லை. கொட்டாவி நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். அதைக் கேட்டு மைத்துனன் சிரித்தான், பிறகு அவனுக்கு உடம்பு உதறியது. பூட்டுக்காரர் ஈரச் சட்டையோடு அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"அத்தன தடவ கயித்த அவுத்தியே" என்றார். "ஒரு தடவயாவது என் சட்டையப் பிடிச்சு நாலு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

"நான் எங்க அவுத்தேன்?"

"பின்ன?"

மைத்துனன் கொட்டாவியைப் பார்த்தான். கொட்டாவி வெளியே பார்த்தான்.

"அக்கா மாமா. மெக்கானிக்கிட்டக் கேட்டு நான் தாள்ல வரஞ்சு காட்டினேன், எதத் தொடணும், எதத் தொடக் கூடாதுன்னு. நான் செஞ்சா நீங்க கொலையே பண்ணிருவீங்கன்னு என்னை விடல. நீங்க தூங்கினதும் வந்துருவா."

"பொய் சொ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அவளுக்குத் தலை சுத்துமே. பலகையில கால் வெக்க மாட்டாளே."

"கால் வெக்க மாட்டா. உக்காந்து நகந்து நகந்து போவா. கண்ண மூடிக்குவா. திரும்பி வந்து கரையில அரை மணி நேரம் படுத்துருப்பா."

நாலாக மடித்து நுனி செருகிய கயிறு பூட்டுக்காரரின் கண்முன் வந்து நின்றது. வீட்டில் அவருடைய சட்டைகள் அப்படித்தான் மடித்திருக்கும். கொண்டை ஊசியைக் கொண்டுபோய் அவளிடமே சாட்சி காட்டியதை நினைத்தார். துறை முழுக்கச் சந்தேகப்பட்டவர், தண்ணீர் கேனைக்கூடச் சந்தேகப்பட்டவர், முதுகுக்குப் பின்னால் ஒருத்தி தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததைக் கோட்டை விட்டிருந்தார்.

வெயில் சாய்வதற்குள் கரைக்கு வந்துவிட்டார்கள். வயர்லெஸ்ஸில் செய்தி முன்னாலேயே வந்திருந்ததால் துறையில் கூட்டம். மனைவி கூட்டத்துக்கு முன்னால், தண்ணீருக்கு இரண்டடி தூரத்தில், கம்பம் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். இறங்கியதும் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அழுது முடித்த முகம்.

"ஆக்சா பிளேடு உதவிச்சா?" என்றாள்.

பூட்டுக்காரருக்குப் புரியவில்லை. அவள் வலது கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கீறிக் கன்றியிருந்தது.

"நேத்து நீங்க தூங்கினதும் போனேன். ஊசிய விட்டுத் திருகித் திருகிப் பாத்தேன், அந்தப் பூட்டு அசையல. அப்புறம்தான் கடைக்குப் போய் பிளேடு வாங்கினேன். இவன் வரமாட்டேன்னான். நான்தான் கெஞ்சி அனுப்பினேன், எப்படியாவது அறுத்துருன்னு. உதவிச்சா?"

"உதவிச்சுக்கா" என்று மைத்துனன் முந்திக்கொண்டான். "அது மட்டும் இல்லன்னா அவ்வளவுதான்."

பூட்டுக்காரர் அவனைப் பார்த்தார், கொட்டாவியைப் பார்த்தார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் போதும். இருவரும் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"பொய் சொல்றான்" என்றார். "நான் அதத் தூக்கிக் கடல்ல போட்டுட்டேன். திருட வந்திருக்கான்னு நெனச்சேன்."

அவள் கொண்டையில் கையை விட்டு, நுனி திரும்பவும் வளைந்துபோயிருந்த அந்த ஊசியை உருவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப இதையும் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பூட்டுக்காரர் உள்ளங்கையை முகத்தருகே கொண்டுவந்தார். ஊசி மங்கலாகத்தான் தெரிந்தது. விரலால் தடவி வளைந்த நுனியைக் கண்டுபிடித்தார். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி அவர்கள் பின்னாலேயே போனார்.